தூண்டிலும் கை வாடையும்

சுத்துக்கேணி வாய்க்காலிலும் குளங்களிலும் தூண்டில் போடும் விவசாயிகள் கவனத்திற்கு: மீனுக்கு மோப்பம் அதிகம். கனடாவில் 1950-களில், மனிதர் கை அலம்பிய நீரை ஆற்றில் விட்டதும், எதிரேறி வந்த சால்மன் மீன்கள் பின்வாங்கின. தோலிலுள்ள ‘செரின்’ என்ற அமினோ அமிலமே காரணம் என 1956-ல் கண்டறியப்பட்டது.

நம் கெளுத்தி, கலங்கல் நீரில் மோப்பத்தாலும் மீசையாலுமே இரை தேடும். எனவே பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் பட்ட கையால் புழுவைக் கோர்க்கக் கூடாது. முதலில் கரையில் சோப்பு போட்டு நன்கு கழுவவும். பிறகு சேறு தேய்த்து அலசவும்.

தெளிப்பானை வாய்க்காலில் கழுவவே கூடாது. சில பூச்சிமருந்துகளும் தாமிர மருந்துகளும் சிறிதளவு கலந்தாலே மீனின் மோப்பம் மழுங்கும். அத்தகைய மீன் இரையையும் அறியாது, எதிரியையும் அறியாது. கழுவிய நீரை, மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடவும்.