காட்டின் வட்டியும் முதலும்

சென்ற வருஷம் தை மாதத்தில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காரைக்குடிப் பக்கம் அழைத்துச் சென்றிருந்தேன். செட்டிநாட்டு வீடுகளைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாளைய ஆசை. பழைய வீடொன்றின் வாசலில் நாங்கள் தயங்கி நின்றதைக் கண்ட அவ்வீட்டு ஆச்சி, "வெயிலிலே ஏன் நிக்கிறீங்க? பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உள்ளே வாங்க, ஸார்" என்று அன்போடு அழைத்தார். உள்ளே சென்றோம். எங்கு பார்த்தாலும் தேக்கு! ஒருவர் இரு கைகளாலும் அணைத்தாலும் பிடிபடாத தூண்கள், எண்ணெய் பூசிய மேனிபோல் மின்னிக் கொண்டு வரிசையாக நின்றன.

"எங்க மாமனாருடைய அப்பச்சி காலத்திலே ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த மரம். இன்னும் ஒரு கரையான் தொட்டதில்லை" என்றார் ஆச்சி, பெருமை பொங்க.

பிள்ளைகள் தூண்களைத் தடவிப் பார்த்தார்கள். அவர்களுள் ஒரு பெண் மட்டும் சற்று நேரம் பேசாமல் நின்று விட்டு, "ஸார், இந்தத் தூணுக்காக வெட்டினார்களே, அந்த இடத்தில் வேறொரு மரம் முளைத்திருக்குமா?" என்று கேட்டாள்.

இருபது வருஷமாகப் பாடம் சொல்லி வரும் எனக்கு அன்று உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். விசாரித்ததில் தெரிந்து கொண்டவற்றையே இங்கு நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மூங்கிலில் எழுதிய கணக்கு

இரண்டாம் பர்மா யுத்தத்தின் முடிவில், 1852-ம் வருஷத்தில், பெகு நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. யுத்தக் கப்பல் கட்டுவதற்குத் தேக்கைப் போன்ற மரம் உலகில் இல்லை. ஆகவே பெகுவின் காடுகள் மீது சர்க்காருக்கும் வியாபாரிகளுக்கும் ஒருங்கே கண் விழுந்தது. அக்காடுகளை மேற்பார்வை செய்ய 1856-ல் நியமனம் பெற்றவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர். பான் நகரில் தாவர சாஸ்திரம் கற்பித்து வந்த அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று.

காட்டில் எத்தனை மரம் உண்டு என்று தெரியாமல் எத்தனை மரம் வெட்டலாம் என்று எப்படிச் சொல்வது? பிராண்டிஸ் யானை மீதேறிக் காட்டுக்குள் புகுந்தார். மழையிலும் புதரிலும் காகிதமும் எழுதுகோலும் உதவா. எனவே இடக் கையில் நான்கு மூங்கில் துண்டுகளை வைத்துக் கொண்டார். மரங்களைப் பருமனுக்கு ஏற்ப நான்கு வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு துண்டு. வழியில் ஒரு தேக்கு தென்பட்டதும் அதற்குரிய மூங்கிலில் கத்தியால் ஒரு வெட்டு. மாலையில் முகாமுக்குத் திரும்பி வெட்டுக்களை எண்ணினால் அன்றைய கணக்கு முடிந்தது!

அந்தக் கணக்கிலிருந்து அவர் வகுத்த விதியும் எளியதே. ஆறடிச் சுற்றளவும் அதற்கு மேலும் உள்ள மரங்கள் முதல் வகுப்பு. அவற்றை மாத்திரம் வெட்டலாம். இரண்டாம் வகுப்பு மரங்கள் ஆண்டுதோறும் எத்தனை வளர்ந்து முதல் வகுப்பில் வந்து சேருகின்றனவோ, அத்தனையே அந்த ஆண்டில் வெட்டத் தக்கவை. செட்டிநாட்டு மண்ணில் நின்று கொண்டு இதை விளக்குவது சுலபம். காடு என்பது முதல். ஆண்டு வளர்ச்சி என்பது வட்டி. வட்டியைச் செலவிடலாம், முதலைத் தொடக் கூடாது.

வெட்டும் முறையும் வேறு. தேர்ந்தெடுத்த மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும், அதனுள் வெளிற்றையும், வைரம் வரையில் வெட்டி விடுவார்கள். மரம் நின்றபடியே பட்டு, சுமார் மூன்று வருஷம் காயும். பச்சைத் தேக்கு நீரில் அமிழ்ந்து போகும். காய்ந்த தேக்கோ மிதக்கும். பிறகு யானைகள் அதை ஆற்றுக்கு இழுத்துச் செல்லும். ஆறு அதை ரங்கூனுக்குக் கொண்டு சேர்க்கும். ஆச்சி வீட்டுத் தூணும் இவ்வழியே வந்திருக்க வேண்டும்.

அந்நிய ஆட்சி காட்டைக் காத்தது நம் நலத்துக்காக அன்று. 1878-ம் வருஷத்து இந்திய வனச் சட்டமும், 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டமும் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் விறகு பொறுக்கி, மாடு மேய்த்து வாழ்ந்த குடிகளின் உரிமையைக் குறுக்கின. இதை மறந்து பிராண்டிஸைப் புகழ்வது பிழையாகும். ஆயினும் எண்ணிப் பார்த்து வெட்டு என்னும் அவருடைய விதி நல்ல விதியே. அது பிற்காலத்தில், காட்டை முப்பது பங்காக்கி ஆண்டுக்கு ஒரு பங்கில் மட்டும் பருத்த மரங்களைப் பொறுக்கி வெட்டும் முறையாக உருப்பெற்று, பர்மா சுதந்திரம் அடைந்த பின்னும் நீடித்தது.

விதி இருந்தும் காடு தேய்ந்தது

விதி ஏட்டில் நீடித்தது, காட்டிலோ தளர்ந்தது. அந்நியச் செலாவணி வேண்டியபோதெல்லாம் அரசாங்கம் தேக்கை நாடிற்று. கணக்கு அனுமதித்த அளவுக்கு மேல் மரம் விழுந்தது. முப்பது வருஷம் ஓய்வு பெற வேண்டிய பங்கிலே அதற்கு முன்பே மறுபடியும் கோடரி புகுந்தது. மரம் இழுக்கப் போட்ட பாதை வழியே திருட்டு வெட்டுக்காரரும் வந்தார்கள். பர்மா என்ற நாடு மியான்மர் என்று பெயர் மாறிய பின், 2014-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வெட்டிய மரத்தை அறுக்காமல் ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. 2016-ல் நாடெங்கும் ஒரு வருஷத்துக்கு மரம் வெட்டுவதே நிறுத்தப்பட்டது. ஒரு மலைத் தொடருக்கு மட்டும் அந்தத் தடை பத்து வருஷத்துக்கு விதிக்கப்பட்டது. அந்த மலைத் தொடரின் பெயர் பெகு யோமா. ஆம், பிராண்டிஸ் மூங்கிலில் கணக்கெழுதிய அதே பெகு!

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைப்பதற்கில்லை. 160 வருஷத்து முயற்சி வீண் என்றுதானே தோன்றும்? ஆனால் பூமியின் மறுகோடியிலிருந்து வேறு சில கணக்குகள் வந்து எனக்குத் தைரியம் அளித்தன.

நாற்பது வருஷமாக ஒரு நாடா

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் பிரெஞ்சுக் கயானா இருக்கிறது. அங்கே சின்னமரி என்னும் ஊருக்கு அருகே பராகூ என்ற காட்டில், பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1980-களின் தொடக்கத்தில் பன்னிரண்டு சதுரங்களை அளந்து குறித்தார்கள். ஒவ்வொன்றும் 6.25 ஹெக்டேர், அதாவது சுமார் 15 ஏக்கர். அவற்றுள் பத்து சென்டிமீட்டர் குறுக்களவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 1986-லிருந்து 1988 வரையில் மூன்று சதுரங்களில் ஹெக்டேருக்குச் சுமார் பத்து மரம் வீதம் பொறுக்கி வெட்டினார்கள். வேறு ஆறு சதுரங்களில் வெட்டியதோடு நில்லாமல், விலை போகாத மரங்கள் சிலவற்றையும் பட்டுப் போகச் செய்து, எஞ்சியவற்றுக்கு வெளிச்சம் உண்டாக்கிப் பார்த்தார்கள். மீதி மூன்று சதுரங்களைத் தொடவே இல்லை.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஓரிரு வருஷத்துக்கு ஒரு முறை நாடாவோடு சென்று அதே மரத்தை அதே உயரத்தில் அளக்க வேண்டும். இறந்தது எது, புதிதாக வந்தது எது என்று குறிக்க வேண்டும். முதன்முதலில் அளந்தவர்கள் தலை நரைத்து ஓய்வு பெற்று விட்டார்கள். நாடா கை மாறியதே தவிர அளவு நிற்கவில்லை. இவ்விதம் நீண்ட நாள் அளந்து வரும் காடுகளின் ஆராய்ச்சியாளர்கள் பல தேசங்களிலிருந்தும் ஒன்று கூடித் தங்கள் கணக்குகளைச் சேர்த்துப் பார்க்கலானார்கள்.

அவர்கள் கண்டவற்றுள் முக்கியமானவை இவை. அமெஸான் பிரதேசத்தில் பத்து இடங்களிலுள்ள 79 சதுரங்களின் கணக்கு 2015-ல் வெளிவந்தது. மரங்களில் தங்கிய கரிப்பொருளில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது மீள 12 வருஷம் போதும். கால் பங்கு குறைந்தால் 43 வருஷம். பாதி குறைந்தால் 75 வருஷம். அளவோடு எடுத்தால் காடு மீள்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அவசரப்பட்டு மகிழ்ந்து விடக் கூடாது. மீண்டு வருவது காட்டின் மொத்த எடை. தச்சனுக்கு உதவும் மரம் அன்று. வெட்டிய இடத்தில் வெளிச்சம் பாய்ந்ததும் விரைந்து முளைப்பவை மெத்தென்ற மரங்கள். கடின மரமோ மெல்ல வளர்வது. வருஷத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் பருக்கிறதென்று தாராளமாகவே வைத்துக் கொண்டாலும், நாற்பது சென்டிமீட்டர் மரம் அறுபதாவதற்கு நாற்பது வருஷம் ஆகிறதே! பிரேஸில் தேசத்துச் சட்டமோ 35 வருஷத்துக்கு ஒரு முறை ஹெக்டேருக்கு 30 கன மீட்டர் வரை எடுக்க இடம் தருகிறது. 2019-ல் வெளியான கணக்கின்படி, விலை போகும் இனங்கள் மிகுந்த காட்டிலும்கூட, 60 வருஷத்துக்கு ஒரு முறை 10 கன மீட்டருக்கு மேல் எடுத்தால் மர விளைவு நிலைக்காது. வட்டி என்று நினைத்து எடுத்ததில் பெரும் பகுதி முதலே என்று தெரிகிறது. உலகின் பல காடுகளைச் சேர்த்து 2012-ல் போட்ட கணக்கும் இதையே சொல்லிற்று: கன்னிக் காட்டின் முதல் வெட்டுக்குப் பின், அடுத்த வெட்டில் கிடைக்கும் மரம் ஏறக்குறைய 46 சதவீதம் குறைகிறது. அதே சமயத்தில், ஒரு முறை பொறுக்கி வெட்டிய காட்டில் பறவை, விலங்கு, செடி இனங்களுள் 85 முதல் 100 சதவீதம் வரை தங்கி விடுகின்றன. அத்தகைய காட்டைக் 'கெட்டுப் போன காடு' என்று தள்ளி, அழித்துத் தோட்டம் போடுவது பேதைமை அல்லவா?

எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைப் போலவே எப்படி வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். போர்னியோத் தீவின் ஸபா நாட்டில் 1992-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். மரங்களைப் பிணைக்கும் கொடிகளை முன்கூட்டியே அறுத்தார்கள். விழும் திசையை நிச்சயித்து வெட்டினார்கள். இழுக்கும் பாதையை வரைபடத்தில் குறித்த பிறகே யந்திரத்தை உள்ளே விட்டார்கள். வழக்கமான முறையில் வெட்டாத மரங்களிலும் 41 சதவீதம் சேதமடைந்தன; இம்முறையில் 15 சதவீதமே. அதே ஸபாவிலுள்ள டெராமகோட் என்னும் காடு, 1997-ல் நல்ல நிர்வாகத்துக்கான சர்வதேசச் சான்றிதழ் பெற்றது. சுமார் 55,000 ஹெக்டேர் பரப்புள்ள காடு அது.

நம் கடமை

இதெல்லாம் எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணலாகாது. நம் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி ஸ்தாபனம், குடகு ஜில்லாவில் உப்பங்கலா என்ற மலைக்காட்டில் 1990-ஐ ஒட்டி மரங்களுக்கு எண் கொடுத்து அளக்கத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைக் காடு எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதை அறிய அத்தகைய கணக்கன்றி வேறு வழி இல்லை.

1996-ம் வருஷம் டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம், மத்திய சர்க்கார் அங்கீகரித்த திட்டம் இல்லாமல் காடுகளில் மரம் வெட்டலாகாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் நாம் வீடு கட்டுவதை நிறுத்தவில்லை. நம் கதவுக்கும் கட்டிலுக்கும் வேண்டிய மரத்தில் கணிசமான பகுதி கப்பலேறி வெளி நாட்டிலிருந்து வருகிறது. சொந்தக் காட்டைப் பூட்டி வைத்து விட்டு அயலான் காட்டின் முதலை எடுத்து உண்பது தேசபக்தி ஆகாது. ஒரு காலத்தில் நம் காட்டை அந்நியர் கணக்கின்றி வெட்டியபோது நாம் கொண்ட கோபம் நியாயமென்றால், இன்று பிறர் காட்டின்மீது நமக்கும் அதே நியாயம் உண்டு.

இல்லத்தாரால் செய்யக் கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. மரம் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், எந்தத் தேசத்து மரம், எந்தக் காட்டிலிருந்து வந்தது, சான்று உண்டா என்று கேட்கலாம். பழைய வீட்டைப் பிரிக்கும்போது நிலையையும் உத்தரத்தையும் விறகாக்காமல் மறுபடி பயன்படுத்தலாம். கேள்வி கேட்பவர் ஒருவரானால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேரானால் விடை தேடுவார்.

இவற்றையெல்லாம் ஒரு நாள் வகுப்பில் சொல்லி முடித்தேன். கேள்வி கேட்ட பெண் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாள்.

"இயற்கைக் காட்டில் ஒரு தேக்கு அவ்வளவு பருக்க நூறு வருஷத்துக்கு மேலே ஆகும் என்றீர்களே, ஸார். ஆச்சி வீட்டுத் தூணை வெட்டிய வருஷத்தில் பக்கத்திலே ஒரு கன்று முளைத்திருந்தால், அது இப்போதுதான் அந்தப் பருமனுக்கு வந்து கொண்டிருக்கும், இல்லையா?" என்றாள்.

"ஆமாம், அம்மா" என்றேன்.

"நடுவிலே யாரும் வெட்டாமல் இருந்தால்" என்று சொல்லிவிட்டு, அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.