மாறாத பக்கங்களை எங்கே வைப்பது?

வலைத்தளங்களில் இருவகைச் செய்திகள் உண்டு. இரயில் இருக்கை நிலவரம், தேர்வு முடிவு போன்றவை ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறுபவை. விதிமுறைகள், உதவிக் குறிப்புகள், தொடர்பு முகவரி ஆகியவை மாதக்கணக்கில் மாறாதவை. இவற்றை நிலைப் பக்கங்கள் எனலாம். மாறாத ஒன்றைக் காட்டுவதில் என்ன சிக்கல் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சிக்கல் வந்த வழியை முதலில் காண்போம்.

கேரியரும் சமையற்காரரும்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் வலையமைப்பை முன்மொழிந்தார். அதன் தொடக்ககாலப் பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதிய கோப்புகளாகும். பயனரின் உலாவி கேட்கும். வழங்கிக் கணினி கோப்பை எடுத்துக் கொடுக்கும். இது கேரியரில் சாப்பாடு அனுப்புவதைப் போன்றது. திறந்தவுடன் உண்ணலாம்.

1995-ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். உலாவிக்குள்ளேயே நிரல்கள் இயங்கத் தொடங்கின. 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013-இல் ரியாக்ட் ஆகிய கருவிகள் வெளிவந்தபின், பக்கம் முழுவதையும் உலாவியிலேயே கட்டும் முறை பரவிற்று. இம்முறையில் முதலில் வருவது ஏறக்குறைய வெறுமையான ஒரு கோப்பும், ஒரு பெரிய நிரல் மூட்டையும்தான். அரிசி பருப்புடன் சமையற்காரரையும் வீட்டுக்கு அனுப்புவது போன்றது இது. பெரிய விருந்துக்கு இது ஏற்றதே. ஆனால் ஒரு குவளை தண்ணீர் கேட்டவரும் சமையற்காரருக்காகக் காத்திருக்க வேண்டுமா?

ஒரு சிறு கணக்கு

நொடிக்கு 400 கிலோபிட் வேகமுள்ள ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். நிரல் மூட்டையின் அளவு 1 மெகாபைட், அதாவது 8,000 கிலோபிட். அது வந்துசேர 20 நொடிகள் ஆகும். 5 கிலோபைட் அளவுள்ள எளிய பக்கமோ 40 கிலோபிட்தான். நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைத் தேடுபவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. மூட்டை பாதி வழியில் அறுந்தாலோ, அவர் காண்பது வெள்ளைத் திரையே.

மூன்று வழிகள்

முதல் வழி, உரையை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவது. இது எளிது. ஆனால் ஓர் எண்ணைத் திருத்தவும் நிரலாளரை நாட வேண்டும். மூட்டையை மீண்டும் கட்டி வெளியிட வேண்டும். அப்பக்கங்களைத் திறக்காதவரும் அவற்றின் சுமையைத் தாங்க நேரிடும்.

இரண்டாம் வழி, உரையைத் தனிக் கோப்புகளாக வைத்து, கேட்கும்போது மட்டும் வருவிப்பது. நிரல் அறியாதவரும் அக்கோப்பைத் திருத்தலாம். ஆயினும் ஒரு கண்ணி உண்டு. உலாவி தன்னிடமுள்ள பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். இதைத் தவிர்க்க, கோப்பு மாறியதா என்று வழங்கியைக் கேட்கும்படி உலாவியைப் பணிக்கலாம். மாறவில்லையென்றால் வழங்கி 304 என்னும் குறியெண்ணை மட்டும் அனுப்பும். உரையை மறுபடி அனுப்பாது. எனினும், நிரல் மூட்டை வந்துசேர்ந்த பின்னரே அக்கோப்பைக் கேட்க இயலும் என்பதால், முதல்முறை வருபவரின் காத்திருப்பு தீராது.

மூன்றாம் வழி, தளத்தை வெளியிடும்போதே நிலைப் பக்கங்களை முழுமையான எச்.டி.எம்.எல். கோப்புகளாக ஆக்கி வைப்பது. உரை உடனே தெரியும். நிரல் பின்னர் வந்து சேரலாம். உரை மாறும்போது அப்பக்கத்தை மீண்டும் ஆக்க வேண்டும் என்பதே இதன் விலை. இவ்வேலையைத் தானாகவே நடக்கும்படி அமைத்துவிட முடியும்.

அவசரத்தில் தேடப்படும் செய்திகளுக்கு மூன்றாம் வழியே தக்கது. உள்நுழைந்தபின் மட்டும் காணும் உதவிக் குறிப்புகளுக்கு இரண்டாம் வழி போதும். பொத்தான்களின் மேலுள்ள ஓரிரு சொற்களை நிரலிலேயே விட்டுவைக்கலாம்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உலாவியின் அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, நீங்கள் அடிக்கடி செல்லும் தளத்தின் தொடர்பு முகவரிப் பக்கத்தைத் திறவுங்கள். முகவரி தெரிகிறதா, வெள்ளைத் திரை தெரிகிறதா?