பனி நாட்டுக் காருக்கு எந்த டயர்?



கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் முதல் தேதி தொடங்கி மார்ச் 15 வரை கார்களில் குளிர்கால டயர் பூட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். 2008ஆம் ஆண்டில் இது நடப்புக்கு வந்தபோது தொடக்க நாள் டிசம்பர் 15ஆக இருந்தது. 2019இல் இரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மீறுவோருக்கு 200 முதல் 300 டாலர் வரை தண்டம். வாடகைக் காருக்கும் இது பொருந்தும்.

பக்கத்திலுள்ள ஒந்தாரியோ மாநிலத்தில் அப்படியொரு கட்டாயம் இல்லை. தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொரண்டோ நகரம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே புதிதாகக் குடியேறி, ஒரு பழைய காரை வாங்குகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். காரோடு வந்த டயர்கள் நன்றாகவே இருக்கின்றன. ‘எல்லாப் பருவத்துக்கும் உரியது’ என்று அவற்றுக்குப் பெயர். எல்லாப் பருவம் என்றால் குளிர்காலமும் சேர்ந்ததுதானே, எதற்கு இன்னும் நான்கு டயர் வாங்கிப் பணத்தைக் கரைப்பது என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது.

குளிர்கால டயர் பனியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி குளிரைப் பற்றியது. குளிர்பெட்டியில் வைத்த தேங்காய் எண்ணெய் இறுகிப்போவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். ரப்பர் எண்ணெயைப் போல் உறைவதில்லை என்றாலும் குளிரக் குளிர அதுவும் விறைத்துக்கொண்டே போகும். வெயிலுக்கு ஏற்றபடி கலந்த ரப்பர், வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் சாலையைப் பற்றும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. 7 டிகிரி என்பது ஒரு பொதுக் கணக்குதான். அந்தக் கோட்டைத் தாண்டிய நொடியில் எல்லாம் மாறிவிடும் என்பதல்ல. ஆனால் டொரண்டோவில் சனவரி மாதம் உறைநிலைக்குக் கீழேயே கழிகிறது. பனி விழாத உலர்ந்த சாலையிலும் அங்கே டயர் விறைத்துத்தான் இருக்கும்.

குளிர்கால டயரின் கலவையே வேறு. சிலிக்கா என்னும் மணற்சத்தைச் சேர்ப்பார்கள். பல தயாரிப்பாளர்கள் இயற்கை ரப்பரின் பங்கையும் கூட்டுகிறார்கள். நம் பால்மரத்திலிருந்து கிடைக்கும் அதே ரப்பர்தான். உறைநிலைக்குக் கீழே சுமார் 70 டிகிரிக்குப் போனால்தான் அது கண்ணாடிபோல் ஆகும். பனியே காணாத மரத்தின் பால் பனி நாட்டுக்குக் கைகொடுப்பது விந்தைதான்!

கலவைக்கு அடுத்தபடி, டயரின் முகம். குளிர்கால டயரில் ஆழமான பள்ளங்களும், கத்தியால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகளும் இருக்கும். அவ்வெட்டுகள் பனியைக் கவ்விக்கொள்ளும். பனியோடு பனி நன்றாக ஒட்டும். குழந்தைகள் பனியை உருட்டிப் பந்து செய்வது அதனால்தான். பின்லாந்து நாட்டில் 1934ஆம் ஆண்டிலேயே பனிக்கென்று லாரி டயர் செய்தார்கள். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் ‘தியெம்போ’ என்ற எல்லாப் பருவ டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1977இல். ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் தொல்லையை ஒழிப்பதே அதன் நோக்கம். மிதமான குளிருக்கு அது போதும்.

வண்டி ஓடுமா என்பதை விட, நிற்குமா என்பதே முக்கியம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் இறுகிய பனியில் பிரேக் போடுகிறது. டயரின் உராய்வு எண் 0.3 என்றால் அது சுமார் 33 மீட்டரில் நிற்கும். எண் 0.2 ஆகக் குறைந்தால் 49 மீட்டர் வேண்டும். இடைவெளி 16 மீட்டர்தானே என்று தோன்றலாம். முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 29 கிலோமீட்டர்! அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளை ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று எண்ணுவதுண்டு. அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும்; நிறுத்த உதவாது.

கடைக்காரர் சொல்லை மட்டும் கேட்காமல் டயரின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். எம், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்பதைக் குறிக்கும். பள்ளங்களின் அமைப்பை வைத்தே அவற்றைப் பொறித்துவிடலாம். ஓட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. 1999இல் வந்த மற்றொரு குறி உண்டு: மூன்று முகடுள்ள மலை, அதனுள் ஒரு பனித்துகள். ஒப்பீட்டு டயர் ஒன்றைவிட இறுகிய பனியில் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் இழுவை காட்டினால்தான் இது கிடைக்கும். கியூபெக்கில் 2014 டிசம்பரிலிருந்து மலைக்குறியோ ஆணியோ உள்ள டயரே செல்லும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து, பனிச்சாலையில் ஓட மலைக்குறி வேண்டும். ஆனாலும் அந்தச் சோதனை பனிக்கட்டியில் நடப்பதன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? மொண்ட்ரியோலில் சட்டமே முடிவு செய்துவிட்டது. வான்கூவர் நகரத்துக் குளிர்காலம் பெரும்பாலும் மழைதான். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு எல்லாப் பருவ டயர் போதும். மலைச்சாலை ஏறுகிறவருக்குப் போதாது. டொரண்டோவில் விடியுமுன் வேலைக்குப் போகிறவர், பனி வாருமுன்னே சாலையில் இறங்க வேண்டியவர், குளிர்கால டயர் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஒரு தொகுதி ஓடும்போது மற்றது தேயாமல் இருக்கும். ஆகவே செலவு நாம் அஞ்சும் அளவுக்கு இரட்டிப்பதில்லை. ஒந்தாரியோவில் 2016 முதல் குளிர்கால டயருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவும் உண்டு. டயரை வைக்க இடமில்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு, ஆண்டு முழுதும் ஓடக்கூடிய, மலைக்குறி பெற்ற இடைத்தரமான டயர்கள் இருக்கின்றன. கடுங்குளிரில் அவை குளிர்கால டயருக்கு ஈடாகா. ஆனால் வெறும் எல்லாப் பருவ டயரைவிட மேல்.

எதை வாங்கினாலும் நான்கையும் ஒரே வகையாக வாங்க வேண்டும். முன்னால் மட்டும் இரண்டு குளிர்கால டயர் போட்டால், பிரேக் போடும்போதும் வளையும்போதும் பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த குளிர்கால டயர் பனிக்கு உதவாது. ஆஸ்திரியா நாட்டுச் சட்டமும் அந்த அளவைத்தான் கேட்கிறது. காற்றையும் பார்க்க வேண்டும். குளிர் ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் டயரில் ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் இறங்கும். இளவேனிலில் வெப்பம் 7 டிகிரிக்கு மேல் நிலைத்ததும் குளிர்கால டயரைக் கழற்றிவிட வேண்டும்; சூடான தார்ச்சாலையில் அது விரைவில் தேய்வதோடு, வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடிவிடும்.