இரைச்சலை விழுங்கிய ஹெட்போன்!

1978-ம் ஆண்டு. சூரிச் நகரிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு விமானம் பறந்து கொண்டிருந்தது. அதில் கொடுத்த ஹெட்போனை ஆசையோடு காதில் மாட்டினார் ஒரு பயணி. இயந்திர இரைச்சலில் சங்கீதம் அமுங்கிப் போயிற்று!

அவர் சும்மா இருக்கவில்லை. அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அவர்தான் அமர் போஸ். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர்; பேராசிரியர்; ஒலிபெருக்கிக் கம்பெனி நடத்தியவர்.

இரைச்சல் அலைக்கு நேர் எதிரான அலையை எழுப்பினால், ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். இதுதான் அவர் கண்ட வழி! 1989-ல் விமானிகளுக்கான ஹெட்போன் விற்பனைக்கு வந்தது.

காரின் குலுக்கலையும் இப்படியே அடக்க விரும்பினார். சக்கரத்துக்குச் சக்கரம் மின்காந்த மோட்டார்! 2004-ல் காட்டியபோது கார் மேடு பள்ளத்தில் அலுங்காமல் ஓடியது. ஆனால் எடையும் அதிகம், விலையும் அதிகம். கடைக்கு வரவில்லை.

2013-ல் போஸ் மறைந்தார். காதில் ஜெயித்தவர், காரில் ஜெயிக்கவில்லை!