நோன்பு நாட்களில் மலச்சிக்கல்: கூச்சப்படாமல் கவனிப்போம்



ரமளான் நெருங்கிவிட்டால் கஞ்சிக்கு அரிசி, ஃபித்ரா கணக்கு, தராவீஹ் ஏற்பாடு என்று எல்லாவற்றையும் கூடிப் பேசுகிறோம். நோன்பின் முதல் வாரத்திலேயே பல வீடுகளில் தலைகாட்டும் ஒரு தொல்லையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் மலச்சிக்கல். மூன்று நாள், நான்கு நாள் என்று தள்ளிப்போகும். வயிறு உப்பும், பசி மந்தமாகும். முக்கி முக்கி ஆசனவாயில் வெடிப்பு ஏற்பட்டு, பிறகு வலிக்குப் பயந்தே கழிப்பறைக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு.

சென்ற ரமளானில் ஒரு மூதாட்டியிடம், "சஹர்ல எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கம்மா?" என்று கேட்டபோது, "அரை டம்ளர்தான் தம்பி. அதுக்கு மேல குடிச்சா தொழுகையில நிக்க முடியுமா? நாலு தடவ எந்திரிச்சு மறுபடி மறுபடி உளூ செய்யணும்ல" என்றார். மூட்டு வலியோடு இருட்டில் கழிப்பறைக்கு நடப்பது அவருக்குப் பெரிய பாடு. அதற்காகத் தண்ணீரையே குறைத்துக்கொண்டார். நம் வீட்டுப் பெரியவர்களில் இப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர். நாம் கேட்பதில்லை, அவர்கள் சொல்வதில்லை.

உடலில் நடப்பது இதுதான். சாப்பிட்டது செரித்து, மிச்சம் பெருங்குடலுக்கு வரும்போது கூழாக இருக்கும். பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கழிவு அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு வறண்டு இறுகும். உடலில் நீர் குறைவாக இருந்தால் இன்னும் இறுகும். கழிவுக்குப் பருமனும் மென்மையும் தருவது நார்ச்சத்து. அது செரிக்காமல் குடல் வழியே போய், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, குடலைத் தள்ளத் தூண்டுகிறது. ஆகவே தண்ணீர் மட்டும் குடித்தாலும் போதாது, நார் மட்டும் தின்றாலும் போதாது. இரண்டும் சேர வேண்டும்.

வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, மலம் கட்டியாக இருப்பது, முக்கினாலும் முழுதாகப் போகாத உணர்வு ஆகியவற்றை மருத்துவர்கள் மலச்சிக்கல் என்கிறார்கள். தினமும் போயே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சிரமமின்றிப் போகிறவர் பயந்து மாத்திரை தேட வேண்டியதில்லை.

நம் ஊரில் நோன்பு ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம். மீதி பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இரவில்தான் அன்றைக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் உள்ளே போக வேண்டும். சஹர் முடியும் நேரத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதால் பெரிதாகப் பயனில்லை. பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடு ஒரு டம்ளர், மஃக்ரிப் முடிந்து ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று, தராவீஹுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, படுக்குமுன் ஒன்று, சஹரில் இரண்டு என்று பிரித்துக்கொண்டால் எட்டு டம்ளர் எளிதாக வந்துவிடும். இரவில் எழுவது சிரமமாக உள்ள பெரியவர்களுக்குப் படுக்குமுன் குடிப்பதைக் குறைத்து, அதை முன்னிரவுக்கு மாற்றலாம். அவர்கள் படுக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு சிறு விளக்கு எரிய விட்டால் பாதிப் பயம் போய்விடும். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் இந்தக் கணக்கைப் பின்பற்றாமல் தங்கள் மருத்துவர் சொன்ன அளவிலேயே இருக்க வேண்டும்.

இனி தட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோன்பு திறக்க மூன்று பேரீச்சம்பழம் சாப்பிட்டால் சுமார் 2 கிராம் கிடைக்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் அதன்பின் நாம் வைப்பது என்ன? சமோசா, பஜ்ஜி, வடை, மைதா பரோட்டா, இறைச்சி ஆணம், வெள்ளைச் சோறு. இறைச்சியிலும் முட்டையிலும் பாலிலும் நார்ச்சத்து அறவே கிடையாது. மைதாவில் மிகக் குறைவு. பிரியாணியோடு வரும் வெங்காயத் தயிர்ப் பச்சடியைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பவர்களிடம் என்ன சொல்ல!

ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தில் சுமார் 5 கிராம் நார் இருக்கிறது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம். இஃப்தாரில் எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கொய்யாவும் வைத்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். பப்பாளி, ஆரஞ்சு, ஊறவைத்த உலர்திராட்சை, அத்திப்பழம் எல்லாம் நல்லவை. சஹரில் சோற்றோடு கீரையோ அவரைக்காயோ புடலங்காயோ ஒரு பொரியல் கட்டாயம் இருக்கட்டும். தோசைக்குப் பதில் கேழ்வரகு அடையோ கம்பங்கூழோ சில நாள் செய்து பார்க்கலாம். இதையெல்லாம் முதல் நோன்பன்றே திடீரென்று கூட்டினால் வயிறு பொருமும். ஷஃபான் மாதத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குவது நல்லது. சர்க்கரை நோயாளிகள் பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் கஞ்சிக் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். நோன்புக் கஞ்சி தண்ணீரும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்த அருமையான உணவு. அதே சட்டியில் கேரட், பீன்ஸ் நறுக்கிப் போட்டு, பருப்பில் ஒரு பங்கைத் தோல் நீக்காத பாசிப்பயறாக மாற்றினால் ருசி கெடாது, செலவும் அதிகம் கூடாது. தெரு முழுவதும் குடிக்கும் கஞ்சி அல்லவா?

இசப்கோல் உமி வாங்கிச் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு தேக்கரண்டி உமிக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் அவசியம். தண்ணீர் குறைந்தால் அது உள்ளேயே உப்பி அடைத்துக்கொள்ளும். படுக்கப்போகும் நேரத்தில் அவசரமாக விழுங்குவதைத் தவிர்த்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம்.

நேரமும் முக்கியம். சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாக அசையும்; காலையில் அந்த அசைவு கூடுதலாக இருக்கும். சஹர் சாப்பிட்டு ஃபஜ்ர் தொழுததும் நேராகப் படுக்கைக்குப் போகாமல் சிறிது நடந்துவிட்டு, கழிப்பறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். கைப்பேசி வேண்டாம். மேற்கத்திய கழிப்பறையாக இருந்தால் காலடியில் ஒரு சிறு முக்காலி வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால் மலம் எளிதாக இறங்கும். உணர்வு வரும்போது அடக்கவே கூடாது. மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஜமாஅத் தவறிவிடுமே என்று அடக்கி நிற்பவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். பள்ளிக்கூடக் கழிப்பறை அசுத்தம் என்று பகலெல்லாம் அடக்கி வரும் பிள்ளைகளையும் விசாரியுங்கள்.

பேதி மாத்திரை, சூரணம் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் இருப்பது நிலாவரை, அதாவது நபிமொழிகளில் சனா என்று வரும் மூலிகை. நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து அந்த ஊர்ப் பெயரிலேயே உலகெங்கும் விற்பனையாவது. அவசரத்துக்கு ஒருநாள் இருநாள் உதவும். மருத்துவர் சொல்லாமல் வாரக்கணக்கில் எடுத்தால் வயிற்று முறுக்கும் பேதியும் உண்டாகி, நோன்பாளியின் உடலில் மிச்சமிருக்கும் நீரும் உப்பும் போய்விடும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள், சில வலி நிவாரணிகள், சில இருமல் மருந்துகள் ஆகியவையும் மலத்தைக் கட்டும். அப்படி இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். தைராய்டு குறைபாட்டாலும் மலச்சிக்கல் வரும். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

மலத்தில் இரத்தம் வந்தால் "மூலம்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் மூலமாகவோ வெடிப்பாகவோ இருக்கலாம். ஆனால் குடல் புற்றுநோயும் இதே போலத்தான் தலைகாட்டும். இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை, 50 வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப்பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ரமளான் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தியோடு வயிறு வீங்கி, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படும் சகோதரிகள் பெண் மருத்துவரைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் செவிலியரோ வீட்டுப் பெண் ஒருவரோ உடனிருக்கச் சொல்லலாம். நோயாளிகள் நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது.

ஆசனவாயில் வைக்கும் மருந்தும் எனிமாவும் நோன்பை முறிக்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவசரமில்லையென்றால் இஃப்தாருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பகலிலேயே தேவைப்பட்டால் மருத்துவர் சொல்வதைச் செய்துவிட்டு, அந்த நோன்பின் நிலையை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.