எல்லை தாண்டினாலும் அழியாத கணக்கு

ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் சொந்த விருப்பத்தின் பேரில் ஒரு மண்டலத்திலிருந்து மற்றொரு மண்டலத்திற்கு மாற்றல் பெற்றால், சீனியாரிட்டியில் கடைசி ஆளாகிவிடுகிறோம். அந்த மனக்குறை இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் முன்பு செய்த ஊழியம் சர்வீஸ் புத்தகத்தோடு நம் பின்னாலேயே வந்து சேருகிறது. நம் சங்கத்திற்கு வந்து போகும் கொத்தனாருக்கும் சமையற்காரருக்கும் அப்படியொரு புத்தகம் ஏது? இருபது வருஷ உழைப்பை மூன்று மாநிலங்களில் பங்கிட்டுக் கொடுத்தவர், முதுமையில் எந்த மாநிலத்தின் கணக்கிலும் இல்லாதவராக நிற்கிறார். இதே சங்கடத்திற்கு ஐரோப்பிய நாடுகள் கண்ட பரிகாரத்தை அன்பர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

1946-ல் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தாலி சுரங்கத்திற்கு ஆள் அனுப்ப வேண்டியது. பெல்ஜியம் அதற்கு நிலக்கரி கொடுக்க வேண்டியது. 1956 ஆகஸ்ட் 8-ந் தேதி, மார்சினேல் என்னும் ஊரின் சுரங்கத்தில் தீப்பற்றி 262 பேர் மாண்டனர். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள்.

மறு ஆண்டு மார்ச் 25-ந் தேதி ரோமாபுரியில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், நாடு விட்டு நாடு செல்லும் தொழிலாளரின் காப்பீட்டு உரிமைகள் அறுபடாமல் இருக்க வழி செய்யவேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. அவ்வாறே 1958-ல் விதிகள் இயற்றப்பட்டு 1959 தொடக்கத்தில் அமலுக்கு வந்தன. அவை திருத்தப்பெற்று, இன்று 27-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடைமுறையில் உள்ளன.

விதியின் சூட்சுமம் எளியது. ஓய்வூதியம் பெற இத்தாலியில் பொதுவாக 20 ஆண்டுச் சந்தா வேண்டும். ஒருவர் அங்கே 12 ஆண்டும் ஜெர்மனியில் 20 ஆண்டும் உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். இத்தாலிக் கணக்கை மட்டும் பார்த்தால் அவருக்கு அங்கே ஒன்றுமில்லை. இரண்டையும் கூட்டித் தகுதியைத் தீர்மானிக்கிறார்கள். பிறகு 12 ஆண்டுக்கு உரியதை இத்தாலியும், 20 ஆண்டுக்கு உரியதை ஜெர்மனியும் கொடுக்கின்றன. எந்நாட்டில் குடியிருந்தாலும் பணம் அவரைத் தேடிச் செல்லும். பொதுக் கஜானா ஒன்றிலிருந்து இது வருவதில்லை. அவரவர் சட்டம் அவரவருக்கு. கணக்கு மட்டும் ஒன்றோடொன்று பேசுகிறது.

எல்லாரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளைகளை ஊரில் விட்டுவந்த அயல்நாட்டுத் தொழிலாளருக்கு, அவ்வூர் விலைவாசிக்கு ஏற்பக் குழந்தைப் படியை 2019-ல் ஆஸ்திரியா குறைத்தது. சந்தாவை முழுதாக வாங்கிக்கொண்டு படியை மட்டும் குறைப்பது எந்த ஊர் நியாயம்? அது செல்லாதென்று 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வேலையும் தேடாமல், பிழைக்க வழியும் இன்றி வருவோருக்கு உதவித்தொகை மறுக்கலாம் என்று 2014-ல் சொன்னதும் அதே நீதிமன்றந்தான்.

நம் நாட்டில் இவ்வழியில் எடுத்துவைத்த ஓர் அடி, ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம். 2019-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2022-ல் அஸ்ஸாமும் சேர்ந்தபின் நாடு முழுவதும் பரவியது. கைரேகை வைத்து, குடும்பத்தின் அரிசியில் ஒரு பகுதியை இங்கும் மிச்சத்தை ஊரிலும் வாங்கலாம். ஆனால் இது 2013-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைகளுக்கு மட்டுமே. முன்னுரிமையற்ற அட்டைக்குத் தமிழ்நாட்டில் அரிசி உண்டு. எல்லை தாண்டினால் இல்லை. நம் காலனியில் ஓர் அம்மாள் இதை அறியாமல் மூன்று மாதம் கடைக்கு நடந்து திரும்பினார்.

தம் அட்டை எவ்வகை என்று தெரியாத அன்பர்கள் ஞாயிறு மாலை அட்டையுடன் சங்கத்திற்கு வந்தால் பார்த்துச் சொல்லுகிறோம்.