வாசிகசாலைக்கு எப்போது இணையம் வரும்?

உயர்தரப் பெறுபேறு இணையத்தில் வருகிறது. பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பமும் அதே வழிதான். கடவுச்சீட்டுக்கு 2023 ஜூனிலிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. ஆனாலும் இப்படியொரு படிவம் என்றதும் ஆட்கள் சந்தியிலுள்ள கொமினிகேசன் கடைக்குத்தான் போகிறார்கள். சான்றிதழை ஸ்கான் பண்ணி, அளவைக் குறைத்துப் பதிவேற்றும் வேலை சின்னத் திரையில் சரிவராது. அடையாள அட்டை இலக்கம் முதல் கடவுச்சொல் வரை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசும் கொடுத்து வருகிறோம்.

இந்த வேலைக்கென்று புதுக் கட்டடம் எதுவும் கட்டத் தேவையில்லை. பிரதேச சபைகளின் பொது நூலகங்கள் குடாநாடு முழுவதும் இருக்கின்றன. அவற்றுக்கும் கீழே, குறிச்சிக்குக் குறிச்சி சனசமூக நிலையமும் அதன் வாசிகசாலையும் உண்டு. காலையில் பத்திரிகை வந்ததும் முதியவர்கள் கூடும் அந்த மண்டபத்தில் மேசை, கதிரை, மின்சாரம் எல்லாம் இருக்கின்றன. பொறுப்புக்கு ஒரு நிர்வாகக் குழுவும் இருக்கிறது. பெரும்பாலும் இல்லாதது நல்ல இணைப்பும் இரண்டு கணினிகளுமே.

"எல்லாரிடமும் டேட்டா இருக்கிறதே" என்பார்கள். கைத்தொலைபேசிக் கோபுரம் தரும் டேட்டா, அந்தக் கோபுரத்தின் கீழுள்ள அத்தனை பேரும் பங்குபோடும் வேகம். மாலையில் பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரம்தான் ஊரே அதில் ஏறுகிறது. அதற்குமேல், பக்கேஜ் முடிந்தால் படிப்பும் நின்றுவிடும். ஃபைபர் கம்பி கட்டடத்துக்குள்ளேயே வந்தால் அந்த வேகத்தை வைஃபை வழியே பத்து, பதினைந்து பேர் தாராளமாகப் பகிரலாம். மாதக் கட்டணம் ஒன்றுதான், பயன் ஒரு குறிச்சிக்கே.

படிவத்துக்கும் படிப்புக்கும் மட்டுமல்ல, வாசிப்புக்கும் இது வேண்டும். நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கியது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகையின் இதழ்களையும் அதில் படிக்கலாம். ஆனால் அவை ஸ்கான் செய்த பக்கங்கள். கோப்பு கனமானது. தொலைபேசியில் திறந்தால் எழுத்தைப் பெருப்பித்து, வரிக்கு வரி இடம் வலமாக இழுத்துத்தான் வாசிக்க முடியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன மண் இது. அதன்பின் இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த செல்வத்தை எங்கள் பிள்ளைகள் வசதியாக வாசிக்க ஒரு திரை இல்லையென்பது எனக்குப் பெரிய மனக்குறை.

எரிந்த அந்த யாழ்ப்பாணப் பொது நூலகமே சின்னதாகத்தான் தொடங்கியது. க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டிலிருந்து புத்தகம் இரவல் கொடுத்தார். 1934 ஓகஸ்ட் முதலாம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. வாசிகசாலையும் இரண்டு கணினியோடு தொடங்கலாம்.

கிராமத்துக்கு இணையம் கொண்டுபோகும் முயற்சி நாட்டுக்கும் புதிதல்ல. 'ஈ-ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் வந்த 'நெனசல' அறிவகங்கள் கிராமங்களுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டுபோயின. 2014இல் பில் - மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருதும் அவற்றுக்குக் கிடைத்தது. ஆனால் தொடக்க மானியத்துக்குப் பின் மையம் தன் செலவைத் தானே உழைத்துத் தேட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. ஏழைக் கிராமத்தில் அது எடுபடாது. புத்தகம் இரவல் கொடுத்து நூலகம் இலாபம் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இணையத்துக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

சரி, காசு எங்கிருந்து வரும்? சென்னை மாகாணம் 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து, சொத்துவரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழிசெய்தது. அதற்கு முன்னின்ற எஸ். ஆர். ரங்கநாதன்தான் யாழ்ப்பாண நூலகத்துக்கும் ஆலோசனை சொன்னவர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியே பாடசாலைகளும் நூலகங்களும் இணைப்புக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை கழிவு பெறுகின்றன. வசதி குறைந்த இடத்துக்கும் கிராமத்துக்கும் கழிவு கூட. இலங்கையிலும் வெளிநாட்டு அழைப்புகள் மீது 2000களில் அறவீடு வந்தது. அதில் ஒரு பங்கு கிராமத் தொலைத்தொடர்பை விரிவாக்குவதற்கென்று சொல்லப்பட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வீட்டுக்கு எடுத்த அழைப்புகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். அந்த வழியில் வாசிகசாலைக்கு ஒரு பங்கு கேட்பது நியாயமே.

தீவுகளின் நிலை வேறு. குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகும் நெடுந்தீவுக்கு ஃபைபர் இழுப்பது லேசான காரியமல்ல. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இலங்கையில் தொடங்கியிருக்கிறது. ஒரு கடற்றொழில் குடும்பத்துக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. ஆனால் நூலகக் கூரையில் ஒரு தட்டு வைத்தால் சுற்றியுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் உதவும்.

பிரதேச சபைகளுக்கு 2025 மே 6இல் தேர்தல் நடந்து, தெரிவான உறுப்பினர்கள் மீண்டும் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டுப் பாதீடு வருட முடிவில் சபைக்கு வரும். அதற்கு முன் உங்கள் சனசமூக நிலையக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்து, கையெழுத்து வாங்கித் தவிசாளரிடம் கொடுங்கள். வாசிகசாலைக்கு ஃபைபர் இணைப்பு, இரண்டு கணினி, இரவு எட்டு மணி வரை திறந்திருக்க ஒரு பொறுப்பாளர். இந்த மூன்றையும் பாதீட்டில் எழுத்தில் கேளுங்கள்.